காட்டு உயிர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மகள் அந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள்

கொறங்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கயம் பக்கம் பண்ணையம். பத்து ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), ஏழு உருப்படி மாடு, பட்டியில் கொஞ்சம் செம்மறி. இங்கே இதுவரைக்கும் மாட்டையும் மழையையும் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இப்போது கேட்பது வீட்டு விஷயம். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

போன கார்த்திகையில் கிளுவை வேலி ஓரமாக ஒரு ஆண் மயில் விழுந்து கிடந்தது. பழைய தோகை உதிர்ந்து புதுசு பாதிதான் வளர்ந்திருந்தது. நேர் மேலே கரண்டுக் கம்பி போகிறது. கம்பியில் அடிபட்டிருக்கும் என்று நினைத்து வனத்துறைக்குப் போன் போட்டேன். வண்டி வர நேரமாகும், முடிந்தால் நீங்களே கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று ஒரு இடத்தைச் சொன்னார்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியில் வைத்துக் காரில் கொண்டு போனோம். மகள் பின் சீட்டில் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அங்கே முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா வந்து பெட்டியை வாங்கினார். ஒரு துண்டால் மயிலின் தலையை மூடித் தூக்கி மேசையில் வைத்தார். அப்புறம் மயிலை விட்டுவிட்டுக் காலிப் பெட்டியின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார். எச்சம் வெறும் பச்சையாகக் கிடந்தது. "இது இன்னைக்கு அடிபட்டது இல்லீங்க. ரண்டு மூணு நாளா ஒண்ணும் திங்கல"ன்னு டாக்டரிடம் சொன்னார். டாக்டர் வந்து இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பெரிய புண், உள்ளே புழு நெளிகிறது. நாய் கடித்த புண்ணாம். நான் கரண்டு கரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எச்சத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

மயில் பிழைக்கவில்லை. நாலாம் நாள் அவர்களே போன் செய்து சொன்னார்கள்.

இப்போது பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. மகள் உயிரியல் குரூப், நல்ல மார்க். டாக்டருக்குப் படி என்றால், "அந்த அக்கா செய்யற வேலைக்குப் போறேன்" என்கிறாள். வீட்டில் அவள் அம்மா, "சாணி வழிக்கறதுக்கு நம்ம பட்டி பத்தாதா?" என்று இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. எனக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. உள்ளே யார் யார் இருப்பார்கள், என்ன செய்வார்கள், பொண்ணுக்கு ஆபத்து இருக்கிறதா, என்ன படிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நாமக்கல் ஐந்தாமாண்டு:

ஐயா, படிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் பயிற்சி. தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை, நீட் தேவையில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குத்தான் நீட். உங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கல்லூரி, நாமக்கல் ஒன்று, உடுமலை பண்ணைக்கிணறு ஒன்று. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும், முதலில் அதைப் பாருங்கள்.

படிக்கும்போது பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாய்தான். காட்டு விலங்கு கொஞ்சமாக வரும். அதில் ஆழமாகப் போக வேண்டுமென்றால் அதற்கென்று மேற்படிப்பு சென்னையில் இருக்கிறது. வனத்துறையில் இருக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் கால்நடைப் பராமரிப்புத் துறையிலிருந்து அயல்பணியில் போனவர்கள். அந்த இடங்கள் மிகக் குறைவு.

டாக்டர்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஊட்டி அரசுக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனவியல் இருக்கிறது. தங்கையிடம் இந்த மூன்றையும் எடுத்துச் சொல்லுங்கள்.

மில்லுக்கார அக்கா:

அண்ணா, வணக்கமுங்க. நீங்கள் பார்த்த அம்மா நான் இல்லை. ஆனால் அதே வேலைதான் எனக்கும். கோயமுத்தூருக்கு மேற்கே மலை அடிவாரத்தில் ஒரு மையத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் வைண்டிங் பார்த்தேன். மில்லை மூடிவிட்டார்கள், வீட்டுக்காரருக்கும் வேலை போனது. தெரிந்தவர் ஒருவர் "அங்க கூட்டிப் பெருக்க ஆள் வேணுமாம்" என்றார், போனேன். மிருகத்தின் மேல் பிரியம் என்றெல்லாம் அப்போது எனக்கு ஒன்றும் கிடையாது. வீட்டில் அரிசி வேண்டும், அதற்காகப் போனேன்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு நான் ஒரு மானைப் பற்றிச் சொன்னால்தான் பதில் வரும்.

சேர்ந்து நாலைந்து மாசம் இருக்கும். ஒரு பெண் புள்ளிமானைக் கொண்டு வந்தார்கள். தெருநாய்கள் துரத்திக் கிணற்றில் விழுந்து, வலை போட்டுத் தூக்கியது. உடம்பில் பெரிய காயம் இல்லை. நின்றது, தண்ணி குடித்தது, அகத்தித் தழையில் இரண்டு கடி கடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் காலையில் நான் கூண்டைக் கழுவப் போகிறேன், வைக்கோலில் ஒரு ஓரமாக மூத்திரம், கருப்பட்டிக் காப்பி மாதிரி நிறம். பார்த்தேன். ஒரு நிமிஷம் நின்றேன் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் வேலை கழுவுகிறதுதானே? ஓஸ் பைப்பைத் திருப்பிவிட்டுக் கழுவிப் புது வைக்கோல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சாயந்தரம் மான் பின்னங்கால் இழுத்து விழுந்தது. பொழுது விடிகிறதுக்குள் போய்விட்டது.

டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு வெளியில் வந்து, கை கழுவிக்கொண்டே, "நேத்துக் காலையில கூண்டுல எதாவது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். உட்கார வைத்து விளக்கினார். மான் ரொம்பப் பயந்து, தன் சக்திக்கு மேலே ஓடினால் உடம்பில் உள்ள தசையே சிதையும். அந்தச் சிதைந்த தசையின் நிறம்தான் மூத்திரத்தில் வருகிறது. அது போகிற வழியில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். டாக்டர்கள் அதற்குக் கேப்சர் மயோபதி என்கிறார்கள். "நான் சொல்லியிருந்தா பொழைச்சிருக்குமா சார்?" என்று கேட்டேன். "தெரியாது. அநேகமா பொழைச்சிருக்காது. ஆனா குளுக்கோஸ் போட்டு ஒரு நாள் முயற்சி பண்ணியிருப்பேன்" என்றார். உண்மையைச் சொன்னார் என்பதால்தான் இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். "நாளையிலிருந்து கூட்டறதுக்கு முன்னாடி பாருங்க. பாத்ததை எழுதுங்க. என்னன்னு புரியலைன்னாலும் எழுதுங்க" என்றார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மில்லில் சேர்ந்த பிறகு பேனாவே தொட்டதில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, இப்போது எத்தனையோ நோட்டு ஆகிவிட்டது.

காட்டில் இருக்கிற உயிர் எதுவும் தன் நோவை வெளியில் காட்டாது அண்ணா. நம்ம மாடு முடியவில்லை என்றால் உங்களைப் பார்த்துக் கத்தும், தலையைத் தொங்கப்போடும். காட்டில் அப்படிக் காட்டினால் அடுத்த நிமிஷம் எதற்காவது இரையாகிவிடும். டாக்டர் கூண்டு முன்னால் வந்து நின்றால், சாகக் கிடக்கிற கீரிகூட எழுந்து நிமிர்ந்து நிற்கும். அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் சாயும். அப்படிச் சாய்கிறதைப் பார்க்கிறது யார்? தட்டு எடுக்கப் போகிற ஆள், கூட்டுகிற ஆள், ராத்திரி வாட்ச்மேன். அதனால்தான் அந்த அம்மா பெட்டியின் அடியைப் பார்த்தார். பறவை இரை எடுக்காமல் இருந்தால் பித்தநீர் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாகப் போகும். இது எங்களுக்கு யாரும் புத்தகத்தில் சொல்லிக் கொடுத்ததில்லை. நூறு பெட்டியைக் கழுவினால் தானாகத் தெரியும்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போவேன். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் பூட்ஸை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் சுற்று விளக்குமாறு இல்லாமல் கையில் நோட்டு மட்டும். ராத்திரி வைத்த தீனியில் எவ்வளவு மீதி, எதை விட்டிருக்கிறது என்று பார்ப்பேன். குரங்கு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு முளைகட்டின பயறை விட்டிருந்தால் அது அடம். வாழைப்பழத்தையே தொடவில்லை என்றால் அது நோவு. பல்லா, வயிறா என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். மீதியை எடை போட்டு எழுதுவோம். அப்புறம்தான் கழுவுகிறது. அது முடிந்தால் சமையல்கட்டு. பப்பாளி நறுக்கி, முட்டை அவித்து, ராகி உருண்டை பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு. ஒரு கூண்டுத் தட்டு இன்னொரு கூண்டுக்குப் போகக் கூடாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு, புதுசாக வருகிற பிள்ளைகள் என்னிடம் பேச்சு வாங்குவது இதற்காகத்தான்.

பேச்சு என்றதும் இன்னொன்று. உள்ளே பேசக் கூடாது. மில்லில் இருபது வருஷம் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே பழகினவள் நான். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது இதுதான். ஒரு தடவை பழைய ரைஸ்மில்லை இடிக்கும்போது கூகை ஆந்தைக் குஞ்சுகள் நாலு வந்தன. வெள்ளைப் பஞ்சு மாதிரி, முகம் மட்டும் இதய வடிவத்தில், யாராவது பக்கத்தில் போனால் பாம்பு மாதிரி சீறும். குஞ்சு ஆளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தால் ஆளைத்தான் தாய் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு காட்டில் விட்டாலும் மனுசன் வாசலில் வந்து உட்காரும். நம்ம ஊரில் ஆந்தை வாசலில் உட்கார்ந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், கல்லை எடுத்துவிடுவார்கள். அதனால் துணித் திரைக்குப் பின்னால் நின்று, கையில் உறை போட்டு, இடுக்கியில் எலித் துண்டை நீட்டி, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மாசம் வளர்த்தோம். அதில் கடைசிக் குஞ்சு சின்னது, மற்றதெல்லாம் அதை ஒதுக்கிவிட்டுத் தின்றுவிடும். அதற்கு மட்டும் தனியாகக் கொடுத்தேன். "தின்னு சாமி" என்று வாய் வரைக்கும் வரும், அப்படியே முழுங்கிவிடுவேன். ஒரு நாள் காலையில் அது எலியை முழுசாக விழுங்கி, எலும்பும் மயிருமாக ஒரு உருண்டையைக் கக்கியிருந்தது. ஆந்தைக்கு செரிமானம் சரியாக இருந்தால்தான் அந்த உருண்டை வரும். நோட்டில் எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

நாலையும் விட்டபோது நான் போகவில்லை. டாக்டரும் டிரைவரும்தான் போனார்கள். காலிக் கூண்டைச் சுண்ணாம்பு அடித்து வெயிலில் போட வேண்டியிருந்தது.

டிரைவர் என்றேனே, அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் டிரைவர் வண்டியில் பாட்டே போட மாட்டார். வால்பாறையிலிருந்து ஒரு தடவை காரில் அடிபட்ட சோலைமந்தியை, அதுதான் சிங்கவால் குரங்கு, கொண்டு வந்தார். அங்கே புதுத்தோட்டம் பக்கம் அது ரோட்டைக் கடக்காமல் மரத்துக்கு மரம் போகட்டும் என்று மேலே பாலம்கூடக் கட்டியிருக்கிறார்கள், அப்படியும் சிலது கீழே இறங்கிவிடும். ஆழியாறு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கூண்டை மூடியிருக்கிற ஈரச் சாக்கைத் திறக்காமல், காதை மட்டும் வைத்து மூச்சு கேட்பாராம். திறந்து பார்த்தால் அது பயந்து இன்னும் கெடும். வந்து இறங்கினதும் டாக்டரிடம், "முப்பதாவது வளைவிலிருந்து மூச்சுல கரகரன்னு சத்தம் வருதுங்க சார்" என்றார். நுரையீரலில் ரத்தம் கோத்திருந்தது. அது பிழைத்தது.

ஆபத்து உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். வேலைக்குச் சேரும் முன்னாலேயே வெறிநாய்க்கடி ஊசி போட்டுவிடுவார்கள், கடித்த பிறகு இல்லை. டி.டி. ஊசியும் போடுவார்கள். என் இடது கையில் குரங்கு கடித்த தழும்பு இருக்கிறது. அது என் அவசரம், கதவின் உள்தாழைப் போடாமல் வெளித்தாழைத் திறந்துவிட்டேன். சிறுத்தை மாதிரி பெரிய உயிர்களிடம் புதுசாக வருகிறவர்களை யாரும் விட மாட்டார்கள், அதற்கு வருஷக்கணக்காகும்.

உங்கள் வீட்டில் அண்ணி சொன்னது தப்பில்லை. சாணி வழிக்கிற வேலைதான். அவர்கள் காலையில் கட்டுத்தரையில் சாணி வழிக்கும்போதே எந்த மாட்டுக்குக் கழிச்சல், எது அசை போடவில்லை என்று பார்க்கிறார்கள் இல்லையா? அதே கண்தான் இங்கேயும் வேண்டும். உங்கள் மகளுக்கு அது பிறந்த வீட்டிலேயே பழகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் தகப்பனார் கேட்டது பொண்ணோட வாழ்க்கை. இந்த மாதிரி இடங்களில் உதவியாளர் வேலை பெரும்பாலும் தினக்கூலி அல்லது ஒப்பந்தம். நன்கொடை குறைந்தால் முதலில் நிற்பது இவர்கள் சம்பளம்தான். என் சித்தி மகன் ஒரு தனியார் மையத்தில் இரண்டு வருடம் இருந்தான். மூன்று மாதச் சம்பளம் வராமல் கடைசியில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மனசு இருந்தால் போதாது. நல்ல மார்க் இருக்கிற பொண்ணு டாக்டருக்குப் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போகட்டும், கூட்டுகிற வேலைக்கு நேராகப் போக வேண்டாம்.

உலாந்தி:

நான் ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப் பக்கம். அப்பா கோழிகமுத்தி யானை முகாமில் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளாக இருந்தார், மாமா மாவூத்தர், அதாவது பாகன். நாங்கள் மலசர் பழங்குடி. அங்கே ஆஸ்பத்திரி என்று தனிக் கட்டடத்தை யாரும் நினைப்பதில்லை. ஆறு, மரம், யானை நிற்கிற இடம், அதுதான் ஆஸ்பத்திரி.

அக்கா சொன்னது யானைக்கும் அப்படியே பொருந்தும். காலையில் ஆற்றில் குளிப்பாட்டும்போது மாமா கை யானையின் உடம்பு முழுக்கப் போகும். பார்ப்பதற்குத் தேய்க்கிற மாதிரி இருக்கும், உண்மையில் தேடுகிறார். வீக்கம், முள், சூடு. நகத்துக்கு மேலே விரலை வைப்பார். நல்ல யானைக்கு அங்கே ஈரம் கசியும், காய்ந்திருந்தால் அன்றைக்கு வேலைக்கு அனுப்ப மாட்டார். காதாட்டமும் வாலாட்டமும் குறைந்தால் ராத்திரி வீட்டுக்கு வர மாட்டார், பக்கத்திலேயே தீ மூட்டி உட்கார்ந்திருப்பார். லத்தி, அதாவது யானைச் சாணம், எத்தனை உருண்டை, உள்ளே நார் எவ்வளவு நீளம் என்று காலால் உடைத்துப் பார்ப்பார். நார் நீளமாக இருந்தால் கடைவாய்ப்பல் சரியாக அரைக்கவில்லை என்று அர்த்தம். காய்ச்சல் பார்க்க டாக்டர்கள் புதுசாக விழுந்த லத்தி உருண்டைக்குள்ளே தெர்மாமீட்டரைச் சொருகுவார்கள், அதைக் கூப்பிட்டுக் காட்டுவதும் மாவூத்தர்தான்.

டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் இருந்தவர், எல்லோரும் டாக்டர் கே என்பார்கள். 2002-ல் காலமானார். காட்டில் செத்த யானையை அப்படியே விட்டுவிட்டுப் போன காலத்தில், ஏன் செத்தது என்று அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றவர். நாறிப்போன உடம்புக்குள் இறங்கி நின்று பார்ப்பாராம். அப்போது கூட நின்று தோலை இழுத்துப் பிடித்தவர்கள் எங்கள் ஆட்கள். தாத்தா அதைச் சொல்லும்போது மூக்கைப் பொத்திக் காட்ட மாட்டார், டாக்டர் எதை எதைத் தேடினார் என்றுதான் சொல்லுவார். எல்லா உடம்பையும் அறுக்கவும் கூடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வழிந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), யாரும் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் அந்தக் கிருமி மண்ணில் இறங்கி வருஷக்கணக்காக இருக்கும். காட்டோரத்து மாடுகளுக்கு அடைப்பான் ஊசி போடுவது இதற்காகத்தான்.

2019-ல் உடுமலைப் பக்கம் பிடித்த காட்டு யானை சின்னத்தம்பியை வரகளியாறு மரக்கூண்டில் வைத்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கரும்பு கொடுத்துப் பேசிப் பேசிப் பழக்கியவர்கள் மாவூத்தரும் காவடியும். அங்கே பேசித்தான் ஆக வேண்டும் அக்கா, இது ஒன்று உங்கள் வேலைக்கு நேர் எதிர். எங்கள் முகாமின் கும்கி யானை கலீம் 2023-ல் அறுபது வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையே மரியாதை செய்து அனுப்பியது. மாமா அன்றைக்குக் கூட்டத்தில் பின்னால் நின்று, கலீம் நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொறங்காட்டான்:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி அக்கா எழுதியதை மகள் சத்தமாகப் படித்தாள், அவள் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டுத்தரை பற்றி வந்த இடத்தில், "அந்தக் கடைசிக் கெடேரி நேத்திலிருந்து அசை போடல, நான் உங்ககிட்ட சொன்னேனா இல்லியா" என்று என்னைக் கேட்டாள். சொன்னது உண்மைதான், நான்தான் கவனிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை தம்பி சொன்னதும் மனதில் இருக்கிறது. மகள் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடச் சம்மதித்துவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. கல்லூரி திறக்கும் வரைக்கும் ஏதாவது ஒரு மையத்தில் கூட்டுகிற வேலையாவது பார்க்க வேண்டுமாம்.

அக்காவுக்கு இரண்டு கேள்வி. நீங்கள் எல்லாம் சேர்ந்து பார்த்தும் செத்துப்போகிறதே, அதை எப்படித் தாங்குகிறீர்கள்? மயிலுக்கே இவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொன்று மகள் கேட்டது, பெரிய உயிர் வந்தால் அங்கே யார் என்ன செய்வார்கள்?

மில்லுக்கார அக்கா:

அண்ணா, பெரிய உயிர் எங்கள் வாசலுக்கு வராது, அதன் இடத்துக்குத்தான் ஆட்கள் போக வேண்டும். 2024-ல் மருதமலை அடிவாரத்தில் குட்டியோடு இருந்த பெண் யானை எழ முடியாமல் படுத்துவிட்டதே, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கிரேன் வைத்துப் பெல்ட் போட்டுத் தூக்கி நிறுத்தி, நாள் கணக்காகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நிறுத்துகிறது ஏன் என்றால், அவ்வளவு பெரிய உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தன் பாரத்திலேயே கீழ்ப்பக்கத் தசை நசுங்கும், மூச்சு விடுவதும் சிரமம். காதுக்குப் பின்னால் இருக்கிற நரம்பில் ஊசி ஏற்றுவது டாக்டர். பாட்டிலை உயரப் பிடித்து நிற்பது, தண்ணியை உடம்பில் ஊற்றிக்கொண்டே இருப்பது, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது, பெல்ட் உரசுகிற இடத்தில் சாக்கு வைப்பது, இதெல்லாம் பெயர் தெரியாத வாட்சர்களும் கூலி ஆட்களும். அந்த யானை தேறி நடந்து காட்டுக்குள் போனது. அடுத்த வருஷம் மே மாசம் அதே மலைப்பக்கம் இன்னொரு பெண் யானை விழுந்தது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, கருவில் 15 மாதக் குட்டி இருந்தது. நாம் குப்பையில் கட்டிப் போடுகிற சோற்றுக் கவரை உப்பு வாசத்துக்கு அப்படியே தின்கிறது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன், சோற்றைக் கவரில் கட்டிப் போடாதீர்கள் என்று. நாலு வீட்டில் கேட்டார்கள்.

சாவைத் தாங்குகிறதைப் பற்றி. முதலில் தாங்கவில்லை. மான் போன பிறகு ஒரு மாசம் காப்பி குடிக்கவில்லை, அந்த நிறத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போதும் ஒவ்வொன்றுக்கும் வெசனம் இருக்கிறது. ஆனால் ஒன்று செத்தால் அதன் நோட்டை எடுத்து, வந்த நாளிலிருந்து நான் எழுதினதைத் திரும்பப் படிப்பேன். எங்கேயாவது பார்க்காமல் விட்டேனா என்று தேடுவேன். சில சமயம் இருக்கும். எலியை விஷம் வைத்துக் கொன்று அதைத் தின்ற ஆந்தை ஒன்று வந்தபோது, மூன்றாம் நாளே மூக்கோரம் ஒரு பொட்டு ரத்தம் என்று எழுதியிருக்கிறேன், அதன் பக்கத்தில் "கூண்டில் இடித்திருக்கும்" என்று நானே காரணமும் எழுதிவிட்டேன். அந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றையிலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், காரணம் எழுதுவதில்லை. அடுத்து அதே மாதிரி வந்த ஆந்தைக்கு முதல் நாளே மருந்து போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை தம்பிக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன சம்பளக் கஷ்டம் நிஜம். எனக்கும் ஒரு வருஷம் இரண்டு மாசச் சம்பளம் நின்றது, தம்பி வீட்டில்தான் அரிசி வாங்கினேன். டாக்டருக்குப் படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் டாக்டரான பிறகும் அந்தப் பொண்ணு கூட்டுகிற ஆளிடம் போய் "காலையில என்ன பாத்தீங்க?" என்று கேட்கிற டாக்டராக இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தவள்தான் அப்படிக் கேட்பாள். அதனால் அந்தப் பொண்ணு போடுகிற நிபந்தனை சரியான நிபந்தனை.

எங்கள் இடத்தில் லீவில் பிள்ளைகளைச் சேர்ப்பது உண்டு, ஒரு மாசத்துக்குக் குறைந்து எடுக்க மாட்டார்கள். பெயர், விலாசம் எல்லாம் தனியாக எழுதுகிறேன். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அம்மாவும் வரட்டும். ஊசி போடாமல் கூண்டுப் பக்கம் விட மாட்டோம், சமையல்கட்டு வரைக்கும் பார்க்கலாம். அடர்ந்த பச்சையோ பழுப்போ, சாயம் போன பழைய சுடிதார் போதும். தலையில் பூ வேண்டாம், சென்ட் வேண்டாம். கொலுசு போட்டிருந்தால் வீட்டிலேயே கழட்டி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாற்பது பக்க நோட்டு நான் தருகிறேன்.

அந்தக் கெடேரி அசை போட ஆரம்பித்ததா?